ஓட்டம் நிலைத்து வாராமை ஏன்?



நம் கல்லூரிக் கிரிக்கெட் குழு சென்ற பருவத்தில் அடைந்த தோல்விகளைப் பற்றி விடுதி உண்டிச்சாலையிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையிற் பேருந்துக்குக் காத்து நிற்கும் நிழற்குடையின் கீழும் பலர் பலவாறு பேசக் கேட்டிருக்கின்றோம். பந்து வீசுவோர் மெலியர் என்பர் ஒரு சாரார். டாஸ் நமக்கு வாய்ப்பதில்லை என்பர் மற்றொரு சாரார். யாம் இவ்விரண்டினையும் ஒப்புக்கொள்ள மாட்டேம். நம்மவர் வீச்சு எதிரிகளை நூற்றைம்பதிற்குள் அடக்கிய ஆட்டங்களிலும் நாம் தோற்றிருக்கின்றோம். ஓட்டம் எடுக்கத் தெரியாதவர் என்றும் நம்மவரைக் கூறலாகாது. ஒரு சனிக்கிழமை இருநூற்றைக் கடந்தனர். மறு சனிக்கிழமை அதே மைதானத்தில், ஏறத்தாழ அதே வலிமையுடைய குழுவிற்கு எதிரே, எழுபதிற்குள் சுருண்டனர். நேற்று எடுத்த ஓட்டம் இன்று ஏன் வரவில்லை என்பதே ஆராயத் தக்க வினா.

இதனை எழுத உமக்கென்ன தகுதி என்று கேட்பார் இருக்கலாம். யாம் மட்டை பிடித்தறியேம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயின்றுகொண்டு, இரண்டு ஆண்டுகளாக இக்குழுவிற்கு ஸ்கோர் புத்தகம் எழுதி வருகின்றோம். வேப்பமரத்தடியில் ஒரு மேசையும், சீவிய பென்சில் இரண்டும், காற்றிற் புரளும் ஏட்டினை அழுத்த ஒரு கல்லும் எமக்குரிய ஆட்டக் கருவிகள். ஆடுவோர் தம் பிழையை விரைவில் மறந்துவிடுவர். காண்போர் ஸிக்ஸரை மட்டும் நினைவில் வைப்பர். ஓட்டம் இல்லாத பந்தையும் ஒரு புள்ளியாக எழுதிவைக்கக் கடமைப்பட்டவன் கணக்கெழுதுவோன் ஒருவனே. அப்புள்ளிகளை நம்பியே இதனை எழுதுகின்றோம்.

இந்நோய் நம் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று; நம் மாநிலக் குழுவின் வரலாறு முழுதும் இதன் அடையாளம் உண்டு. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்தது. மைசூரை 48க்கும் 59க்கும் வீழ்த்திச் சென்னைக் குழு ஒரே நாளில் வென்றது. ஏ. ஜி. ராம்சிங் அன்று 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்துணைச் சிறப்பாகத் தொடங்கிய குழு அக்கோப்பையை வென்றதோ 1954-55இலும் 1987-88இலும் ஆக இருமுறையே. இறுதி ஆட்டம் வரை சென்று வெறுங்கையொடு திரும்பியது பன்முறை.

அவற்றுள் 1972-73ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தை நம் தாத்தாமார் இன்றும் நொந்து பேசுவர். சேப்பாக்கம் நம் சொந்த மண். வேங்கடராகவனும் வி. வி. குமாரும் நம் பக்கம். பந்து சுழலும் தரை. பம்பாயை 151க்கும் 113க்கும் மடக்கிவிட்டனர். இதற்கு மேல் வீச்சாளர் என் செய்வர்? நம்மவர் எடுத்தது 80, பின்னர் 61. பத்மாகர் சிவால்கர் ஒருவரே முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு 8 பேரையும், அடுத்ததில் 18 ஓட்டங்களுக்கு 5 பேரையும் வீழ்த்தினார். மூன்றாம் நாளின் முதற்பந்தோடு ஆட்டம் முடிந்தது. நாம் எதிரிக்கென விரித்த வலையில் நாமே வீழ்ந்தோம்.

இனி இதன் மறுபக்கத்தையும் காண்க. 1988-89ஆம் பருவத்தில் கோவாவிற்கு எதிரே அதே தமிழ்நாடு 6 விக்கெட் இழப்பிற்கு 912 ஓட்டம் குவித்தது. டபிள்யூ. வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காது 302. (இவ்வர்ஜன், 1934இல் மைசூரை வீழ்த்திய ராம்சிங்கின் பேரர். பாட்டன் பந்தினாற் செய்ததைப் பேரன் மட்டையாற் செய்தார் என்க.) அண்மைக் காலத்தில், 2022ஆம் ஆண்டு நவம்பரில், விஜய் ஹசாரே கோப்பை ஒருநாள் ஆட்டமொன்றில் அருணாசலப் பிரதேசத்திற்கு எதிரே 2 விக்கெட்டுக்கு 506 எடுத்தனர். ஜெகதீசன் 277. அவர்க்கு அது தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். சாய் சுதர்சனோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு அவர் எடுத்தது 416. உலகம் வியந்தது. அப்பருவத்தின் காலிறுதியிற் சௌராஷ்டிரத்திடம் தோற்று வீடு திரும்பினர் என்பதை எத்துணைப் பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்?

மெலியாரிடம் ஐந்நூறும் வலியாரிடம் நூறும் எடுப்பது இயல்புதானே எனின், அவ்வியல்பே யாம் கூறும் நோய். ஒருநாட் கோப்பையை 5 முறையும், இருபது ஓவருக்குரிய சையது முஷ்டாக் அலி கோப்பையை 3 முறையும் வென்ற மாநிலத்தை ஆற்றலில்லாதது என்று எவரும் சொல்லார். ஆற்றல் வேறு, ஒழுங்கு வேறு.

ஈண்டு அமெரிக்கர் ஆடும் பேஸ்பால் என்னும் ஆட்டத்தைச் சிறிது நோக்குவோம். அது நம் கிரிக்கெட்டிற்கு ஒன்றுவிட்ட சகோதரன். நான்கு தளங்களையும் சுற்றி வந்தாலன்றி அங்கே ஓட்டம் இல்லை. ஒருவன் நன்கு அடித்து இரண்டாம் தளத்தில் நிற்பான். அவன் பின் வருவோர் அடிக்காது ஒழியின் அவன் அங்கேயே நின்று, மூவர் ஆட்டமிழந்தபின் தலை குனிந்து திரும்புவான். அவன் அடித்த அடி வீணே. ஒன்பது இன்னிங்ஸில் ஒன்பது நல்ல அடிகள் ஒவ்வொன்றாகச் சிதறி விழுந்தால் ஓட்டம் ஒன்றும் வாராது போகலாம். அவ்வொன்பதில் ஐந்து ஒரே இன்னிங்ஸில் அடுத்தடுத்து விழுந்தால் ஆட்டமே கைக்கு வந்துவிடும். 2002ஆம் ஆண்டில் ஓக்லாந்து நகரக் குழு இதனை நன்கு உணர்ந்து ஆடியது. பெருஞ்செல்வமுடைய குழுக்கள் வலிய அடிகாரரை விலைக்கு வாங்க, பணமில்லாத அக்குழுவினர் பொறுமையாக நின்று தவறான வீச்சுகளைத் தொடாது விட்டு முதல் தளத்தை அடைவோரைத் தேடிச் சேர்த்தனர். நான்கு தவறான வீச்சுகளைத் தொடாது விடுபவனுக்கு முதல் தளம் தானே கிடைக்கும் என்பது அவ்வாட்டத்தின் விதி. காண்பதற்கு அதில் அழகில்லை. ஆயினும் அவ்வாண்டில் அவர்கள் 103 ஆட்டங்களை வென்றனர். அவற்றுள் 20 இடைவிடாது தொடர்ந்தவை.

யாப்பிலக்கணம் பயில்வார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வெண்பாவின் ஒவ்வொரு சீரும் தனித்தனியே இனிதாயிருக்கலாம்; தளை தட்டினால் வெண்பா இல்லை. நம் குழுவில் நல்ல சீர்கள் உண்டு. தளை இல்லை. எம் புத்தகத்தில் இருபதும் முப்பதும் எடுத்தவர் பலர். ஆயின் ஒருவர் முப்பது எடுக்கும்போது மறுமுனையில் மூவர் வந்து போயிருப்பர். நாம் இருநூற்றைக் கடந்த நாட்களில் ஐம்பதிற்கு மேற்பட்ட கூட்டு ஆட்டம் இரண்டேனும் இருந்தது. எழுபதிற்குட் சுருண்ட நாட்களில் ஒன்றுமே இல்லை.

தளை ஏன் தட்டுகின்றது? நம்மவர் ஆடிப் பழகிய இடத்தை நோக்கினால் பாதி விடை கிடைக்கும். அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி ஆகிய இப்பக்கத்துப் பிள்ளைகள் முதலில் மட்டை பிடிப்பது சந்தில். வலப்பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தால் ஆட்டமே நின்றுவிடும். ஆதலால் அப்பக்கம் அடித்தல் விலக்கு. ஒருமுறை தரையிற் பட்டு எழுந்த பந்தைப் பிடித்தாலும் அவுட். சுவரைத் தாண்டினாலும் அவுட். இவ்விதிகள் நேரே ஆடக் கற்பித்தன; யாம் அவற்றைப் பழித்தல் செய்யோம். பின்னர்த் தொழிற்பேட்டையை அடுத்த வெற்று நிலங்களில் டென்னிஸ் பந்தில் ஆறு ஓவர் போட்டி. இப்பொழுதோ நெடுஞ்சாலையோரம் வலை கட்டிப் பச்சைப் பாய் விரித்து, மணிக்கு இவ்வளவு என வாடகைக்கு விடும் 'டர்ஃப்'. ஆறு ஓவருக்குப் பதினொருவர் உளர். அங்கே நின்று ஆடுபவன் குழுவிற்குத் துரோகி. மூன்று பந்து தடுத்தால் நான்காவது பந்தில், 'அடி, இல்லையேல் வெளியே வா!' என்ற கூவல் எழும். இவ்வாறு எட்டு ஆண்டு பழகிய கை, நம் கல்லூரிக்கு வந்து சிவப்புப் பந்தின் முன் நிற்கும் பொழுது, முதல் ஓவரிலேயே நெஞ்சு துடிக்கின்றது. ஓட்டம் வாராத மூன்று ஓவர் அவர்க்கு மூன்று யுகம். நான்காவது ஓவரில் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுகின்றார். எம் புத்தகத்தில் நம்மவர் விக்கெட்டுகளுள் பெரும்பாலான, புள்ளிகள் வரிசையாக நின்ற பின்னரே விழுந்திருக்கின்றன. நல்ல பந்தால் வீழ்ந்தவர் சிலர்; புள்ளியைக் கண்டு அஞ்சி வீழ்ந்தவர் பலர்.

அப்புள்ளியை அழிக்க ஸிக்ஸர் வேண்டுவதில்லை. ஓர் ஓட்டம் போதும். தம் டெஸ்ட் வாழ்நாள் முழுதிலும் பிராட்மன் அடித்த ஸிக்ஸர் ஆறே. அவர் சராசரி 99.94. பந்தை மெல்லத் தட்டிவிட்டு எதிர்முனைக்கு ஓடுதல் நம்மவரிடம் அருகிவிட்டது. ஓடலாமா வேண்டாமா என்று இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நிற்கும் காட்சியைக் கண்டு வேப்பமரத்தடியில் யாம் பலமுறை சிரித்ததுண்டு. பின்னர் வருந்தியதும் உண்டு. காலையில் மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொன்னால் நம்மவர் ஓடுகின்றனர். இருபத்திரண்டு கஜம் ஓட மட்டும் கால் எழுவதில்லை.

இருபது ஓவர் ஆட்டமே இக்காலத்து ஆட்டம், 2008இல் ஐ. பி. எல்லும் 2016இல் நம் மாநிலத்து டி. என். பி. எல்லும் தொடங்கியபின் நின்று ஆடும் கலையைப் பேசுதல் பழங்கதை என்று எம் நண்பர் சிலர் கூறுவர். அவர்கட்கு 2024ஆம் ஆண்டு மார்ச்சில் மும்பையில் நடந்த ரஞ்சி அரையிறுதியை நினைவூட்டுவோம். நம் மாநிலத்தார் டாஸில் வென்று, விரைவு வீச்சிற்கு உதவும் தரையில் முதலில் ஆடத் துணிந்தனர். 146இல் முடிந்தனர், ஒருவரேனும் ஐம்பதை எட்டவில்லை. முதலில் ஆடத் துணிந்ததே தோல்விக்குக் காரணம் எனக் குழுவின் பயிற்சியாளர் வெளிப்படையாகக் கூற, அவர் அவ்வாறு கூறலாமா என்று பெரிய வாதம் எழுந்தது. அவ்வாதத்தில் யாம் புகேம். யாம் நோக்குவது வேறு. அதே தரையில் மும்பையும் 7 விக்கெட்டுக்கு 106 என்று தள்ளாடியது. அப்பொழுது ஒன்பதாவதாக வந்த ஷர்துல் தாக்கூர் 109 எடுத்தார். பத்தாவதாக வந்த தனுஷ் கோட்டியன் ஆட்டமிழக்காது 89. மும்பை 378ஐ எட்டியது. நம்மவர் மறுபடி 162. ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டமும் தோல்வி. வீச்சாளரை மட்டை பிடிக்கப் பழக்காத குழுவிற்கு விக்கெட்டுகள் பத்தல்ல, ஏழுதான். நம் கல்லூரியில் வலைப் பயிற்சியின் போது வீச்சாளர்க்கு மட்டை கிடைப்பது இருட்டியபின், கடைசி ஐந்து நிமிடம்.

மறு ஆண்டு பிப்ரவரியில் நாகபுரியில் நடந்த காலிறுதியில் விதர்பாவிடம் 198 ஓட்டங்களில் தோற்றதும் இவ்வகையே: 225, பின்னர் 202. விதர்பாவிற்காக அன்று 122 எடுத்த கருண் நாயர் முன்னர்க் கருநாடகத்தில் ஆடியவர். 2015 மார்ச்சில் ரஞ்சி இறுதி ஆட்டத்தில் நம்மவரை 134இல் வீழ்த்திய கருநாடகம் 762 எடுத்த பொழுது, அவர் ஒருவரே 328 எடுத்திருந்தார். பத்து ஆண்டு கடந்தும், வேறொரு மாநிலத்தின் தொப்பி அணிந்தும், அவர் அன்று நம்மெதிரே நின்று ஆடினார். அப்பத்து ஆண்டிற்குள் அவர் தம் மாநிலக் குழுவினின்றும் நீங்க நேர்ந்தது. ஆயினும் விதர்பா அவர்க்கு இடமளித்தது. இடம் அளித்தல் என்னும் இச்சொல்லே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்குக் கொண்டு வருகின்றது.

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் முதலாண்டு மாணவர் ஒருவர் சென்ற பருவத்தின் தொடக்கத்தில் துவக்க ஆட்டக்காரராகச் சேர்க்கப்பெற்றார். பெயரைக் கூறாது விடுகின்றோம், அவர் நாணுவர். மெலிந்த உடல். அவர் ஸிக்ஸர் அடித்து யாம் கண்டதில்லை. ஆனால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை இன்னதென்று அறிந்து விடுவதில் அவரை ஒப்பார் நம் குழுவில் இலர். மூன்றாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது 11 ஓட்டம். எதிர்கொண்ட பந்து 58. அவர் திரும்பி வருகையில் வேலியோரம் நின்ற நம் மாணவர் எழுப்பிய கூச்சலை ஈண்டு எழுதுதல் தகாது. அடுத்த ஆட்டத்தில் 4 ஓட்டம். அதற்கடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அந்த 58 பந்துகளுக்குள் நடந்தது என்ன? புதுப்பந்தின் பளபளப்பு நீங்கிற்று. எதிரிகளின் விரைவு வீச்சாளர் இருவரும் களைத்து எல்லைக்கோட்டருகே சென்று நின்றனர். அதன்பின் மூன்றாவதாக வந்தவரும் ஐந்தாவதாக வந்தவரும் அரைச்சதம் கண்டனர். நாம் இருநூற்றைக் கடந்தது அந்நாளே. அவரை நீக்கியபின் எஞ்சிய ஆட்டங்களில் துவக்க இடத்திற்கு நால்வரை மாற்றி மாற்றி அனுப்பினோம். ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த இரண்டே வாய்ப்பில் தம் திறனைக் காட்டிவிட வேண்டி அடித்தனர், வீழ்ந்தனர். இரண்டு ஆட்டத்திற்குள் நிரூபிக்க வேண்டுமென்றால் எவன்தான் பந்தை விடுவான்?

குறையெல்லாம் தேர்வாளர்மீது சுமத்த யாம் துணியேம். எம் பங்கும் இதில் உண்டு. ஐந்தாவது ஆட்டத்திற்கு முன் அவர்கள் எம்மிடம் கணக்குக் கேட்டனர். யாம் ஒரு தாளில் பெயரையும் ஓட்டத்தையும் எழுதிக் கொடுத்தோம். பந்தின் எண்ணிக்கையை எழுதவில்லை. கேட்கவில்லை, ஆதலால் எழுதவில்லை என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். மறுநாள் ஞாயிறு. செய்யத் தகாதன செய்ததோடு செய்யத் தக்கன செய்யாது விட்டதையும் வாரந்தோறும் ஆராதனையில் அறிக்கை செய்கின்றோமே, அவ்விடம் வந்தபொழுது அத்தாள் எம் கண்முன் நின்றது. எனினும் திங்களன்றும் யாம் வாய் திறக்கவில்லை.

அவர் இப்பொழுது மாலையில் மைதானத்திற்கு வருவதில்லை. நூலகத் திண்ணையில் ஒருநாள் கண்டு வினவினோம். "ஆட்டத்திற்குப் போய் என்ன கண்டாய் என்று அப்பா கேட்கிறார், அண்ணா. பதினொன்று என்று சொன்னால் சிரிப்பார். என்ன சொல்வது?" என்றார். எமக்கும் விடை தோன்றவில்லை.

எங்கள் மைதானத்தில் பாய் விரித்துக் கட்டும் பெரியவர் ஒருவர் உளர். தேங்காய்நார்ப் பாயின் நடுவில் பந்து விழுமிடம் தேய்வதைக் கொண்டே அவர் ஆட்டத்தை அளப்பவர். பருவ முடிவில் பாயைச் சுருட்டிக்கொண்டே எம்மிடம், "தம்பி, உங்க பசங்க ஆடற லட்சணத்துல பாய் தேயவே மாட்டேங்குது. இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா வரும்" என்றார். செலவு மிச்சம் என்று மகிழ்வதா?

அப்பாயும் ஒரு காரணமே. பாயில் எழும் பந்து ஒரே அளவாய் எழும். கண் பழகிவிட்டால் அடிப்பது எளிது. வெளியூர்க் கல்லூரிகளிலும் போரூர் இராமச்சந்திர மருத்துவக் கல்லூரி மைதானம் போன்ற புல்தரைகளிலும் பந்து தரையைத் தொட்டபின் விலகும், தாழும், சில வேளை நிற்கும். பாயிற் கற்ற கையை அங்கே நீட்டினால் ஸ்லிப்பில் நிற்பவனுக்கு விருந்து. பழைய மாணவர் சங்கத்தார் மைதானத்திற்கு மின்விளக்கு ஸ்கோர் பலகை ஒன்று அளிக்க எண்ணியிருப்பதாகக் கேள்விப்படுகின்றோம். அவர்தம் அன்பிற்கு நன்றி. ஆயினும் கணக்கெழுதுவோன் என்ற உரிமையால் ஒன்று கேட்கின்றோம்: அப்பணத்தில் வேலியோரம் புல்தரை வலை ஒன்று அமைத்துத் தருக. எழுபது ஓட்டத்தை விளக்கிட்டுக் காட்டுவதற்குப் பலகை எற்றுக்கு? இப்போதுள்ள கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் அதற்குப் போதும்.

தேர்வாளர்க்கு எம் விண்ணப்பம் சிறியது. வரும் பருவத்தில் முதல் ஆறு ஆட்டக்காரரைப் பெயர் குறித்து அறிவித்து, நான்கு ஆட்டம் வரை மாற்றாது விடுக. நான்கிலும் தோற்றால் தோற்போம். சென்ற ஆண்டு மாற்றி மாற்றியும் தோற்கத்தானே செய்தோம்? வாரத்தில் ஒருநாள் மாலை, எல்லைக்கு அடிப்பது கணக்கில் இல்லை, ஓடி எடுத்ததே கணக்கு என்ற விதியோடு பயிற்சி ஆட்டம் நடத்துக. வீச்சாளர்க்கு வெளிச்சம் இருக்கும்போதே மட்டை தருக. வேலியோரம் நிற்கும் நண்பர்களிடம் யாம் ஒன்றும் கேளோம். யாமும் ஒருநாள் அவ்வேலியோரம் நின்றவரே.

இரண்டு ஆண்டின் ஸ்கோர் புத்தகங்களையும் உடற்பயிற்சி ஆசிரியர் அறையில் ஒப்படைத்துவிட்டோம். இம்முறை ஒவ்வொரு பெயர்க்கு நேரும் ஓட்டத்தோடு பந்தின் எண்ணிக்கையும் சிவப்பு மையில் எழுதியிருக்கின்றோம். மூன்றாவது ஆட்டத்தின் ஏட்டில் ஒரு காகிதத் துண்டு செருகியிருக்கும். பார்க்க விரும்புவோர் முதலில் அப்பக்கத்தைத் திறக்க.